வேன் விற்பனைக்கு இல்லை

அத்தானுக்கு,

வேனை விற்க வேண்டாம். குன்னத்துகால்காரர் விலை பேச வந்தால் சாயா கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பேட்டரி அடிக்கடி இறங்குவது ஏன் என்று மெக்கானிக் தங்கையன் வந்து பார்த்தார். பேட்டரிக்கும், அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டருக்கும் ஒரு கேடும் இல்லை. "டேஷ்போர்டுல சார்ஜ் லைட்டுக்க பல்ப எவனாக்கும் ஊரி எடுத்தது அக்கா? அதுவழி கறண்டு போனாத்தான் சார்ஜ் ஏறும்" என்றார். கிறிஸ்துமஸ் குடிலாகக் கட்டிய புல்கூட்டில் நீங்கள் மாட்டிய சிவப்பு பல்பை எடுத்துக் கொடுத்தேன். அவர் பொருத்தியதும் சார்ஜ் ஏறியது. உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

வேனில் படுத்து நான் வாசிக்கும் விளக்குதான் பேட்டரியைத் தின்கிறது என்று நீங்கள் சொல்லிச் சொல்லி, நானும் அதை நம்பிவிட்டிருந்தேன். இன்றைக்குத்தான் மனம் லேசானது.

பள்ளிக்கூடம் போகிறேன். மரச்சீனியும் மீன்கறியும் மூடி வைத்திருக்கிறேன்.

கிளாடிஸ்

வேன் சாவி என் பையில் இருக்கிறது. நான் திரும்பி வருவதற்குள் விற்றுவிடுவீர்களோ என்ற பயம்தான். ராத்திரி வேனிலேயே படுப்போம். விளக்கு எரியும்.