குப்பத்தில் பூத்த மல்லி

குப்பம்,
பங்குனி 2

அன்புள்ள ரத்னம்மாவுக்கு,

ஓய்வுக்குப் பின் கிடைத்த இந்த வாத்தியார் வேலையில் நான் நலமே. உன் முழங்கால் வலி தேவலையா?

மூன்று வருடமாகப் பூக்காத இந்த வாடகை வீட்டு மல்லிச்செடிக்கு, தை மாதம் நீ செய்வதுபோலவே தண்ணீரை நிறுத்தி, கிளை வெட்டி, இலையெல்லாம் உருவினேன். பரீட்சைக்கு முன் பிள்ளைகளின் விளையாட்டை நிறுத்துவதுபோலத்தான். வீட்டுச் சொந்தக்காரி ரூபா அழாத குறை.

"இன்னா சார், எங்கம்மா வச்ச செடிய மொட்டையடிச்சிட்டீங்களே!"

பட்டுப்போனால் எந்த முகத்தோடு இங்கே இருப்பது என்று பயந்தேன்.

நேற்று செடி கொள்ளாத பூ! ரூபா தலை நிறைய வைத்துக்கொண்டு வந்து, "யாரு சார் கத்துக்குடுத்தாங்க?" என்றாள்.

"என் வீட்டுக்காரம்மா" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

உகாதிக்கு நீ இங்கே வா. வாழைநார் எடுத்து வா. கட்டத் தெரியாமல் என் பங்குப் பூ தட்டில் உதிரியாகவே கிடக்கிறது. பள்ளி வேன் வந்துவிட்டது.

உன்,
முனிகிருஷ்ணன்