ருஸ்க்கோடு வருகிறவர்

அன்புள்ள ரன்டி,

நம் நாய் ருஸ்க்கை ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாய். எழுபத்தெட்டு வயதில் எனக்கு எதற்கு நாய் என்று நீ கேட்டது நியாயம்தான். நானும் சரி என்றேன். ஆனால் இன்று மதியத்திலிருந்து எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

இன்றுதான் முதல்முறையாக அவனை முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போனேன். ஆறு மாதமாக நான் போகும்போதெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மா, "ருஸ்க்! எங்கடா போயிருந்தே, திருட்டுப் பயலே!" என்று அவனைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

"இவனை நடக்கக் கூட்டிப்போறவன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

ஜாம் தடவிய வாஃபிளில் அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி கொடுத்தாள். கிளம்பும்போது, "நாளைக்கும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"தாராளமா வாங்க. எம் புருஷன் ஒண்ணும் சொல்லமாட்டார். அவருக்கும் நாய்னா உயிர்."

பேருந்தில் சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. ருஸ்க் என்னோடேயே இருக்கட்டும், மகளே. அவன் இல்லாமல் போனால், நான் யாரென்று சொல்லி அவள் பக்கத்தில் உட்காருவேன்?

குழம்பிப்போயிருக்கும்
உன் அப்பா