வாசல் கல்லில் ஒரு அபாஸ்ட்ரபி

11-8-1968, ஞாயிறு

செம்பாக்கத்தில் அரண்மனை எழுப்பிவிட்டேன். ஏரிக்கு இந்தப் பக்கம் இதற்கு இணையான மாளிகை கிடையாது. அந்தப் பக்கம் கட்டடமே கிடையாது. கீழே நான், மாடியில் தம்பி சாமுவேல் என்று இருவரும் சேர்ந்து கட்டியது. அதனால் வாசல் கல்லில் இங்கிலீஷில் 'பிரதர்ஸ் வில்லா' என்று வெட்டச் சொல்லியிருந்தேன்.

இன்று குடிவந்தோம். பாதிரியார் ஜெபம் முடித்ததும், கல்லை மூடியிருந்த துணியைச் சக்கரவர்த்தி போல விலக்கினேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிற சாமுவேல் அந்த இரண்டு வார்த்தையை ரொம்ப நேரம் படித்தான். பிறகு 'பிரதர்ஸ்' கடைசியில் எஸ்ஸுக்கு முன்னால் இருந்த கொக்கிக் குறியில் விரலை வைத்தான்.

"அண்ணா, அபாஸ்ட்ரபி எஸ்ஸுக்கு அந்தாண்ட வரணும். இந்தாண்ட போட்டா வீடு ஒரே ஒரு பிரதருக்குத்தான் சொந்தம்."

"எந்த பிரதருக்குடா?"

"அத கல்லு சொல்லலண்ணா."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கல்தச்சன் கெடுத்துவிட்டான், அவனை நாடு கடத்த வேண்டும் என்று முழங்கினேன்.

பாவம், அவனுக்கு இங்கிலீஷே தெரியாது. நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை எள்ளளவும் பிசகாமல் வெட்டியிருக்கிறான். இருபது வருஷமாக வெள்ளைக்காரக் கம்பெனி ஆபீசில் துரைகளின் இங்கிலீஷையே திருத்திய பேனா என்னுடையது. அந்த ஒரு குறியில் மட்டும் ஏன் சறுக்கியது? தெரியாமல் நடந்தது என்று இந்த நோட்டில்கூட எழுத வரவில்லை.

நாளைக்குக் கல்லைத் திருத்திவிடலாம். சாமுவேலிடம் என்ன சொல்வது? மாடியில் அவர்கள் இன்னும் ஒரு பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.