படகுக்கு வாங்கின டேப்

என் தங்க நைனாவுக்கு,

தங்கம் என்று கூப்பிட்டதால் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கோபமாகத்தான் எழுதுகிறேன். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உன் நினைவு நாளுக்குத் தம்பி ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறான். படகுக்கு முன்னால் நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம். கீழே "பாசமிகு கணவர்" என்று போடுகிறானாம். அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாசமிகு கணவர் பெண்டாட்டிக்குக் கட்டிக் கொடுத்த குளியலறை எது? நாலு சவுக்குக் கம்பு, சுற்றிலும் கிழிந்த புடவை, ஒரு பக்கம் எதற்கும் உதவாத பழைய வலை. முப்பது வருஷமாக அதுதான். படகுக்கு மட்டும் வருஷா வருஷம் பெயின்ட், ஓரமெல்லாம் மஞ்சள் டேப், சிவப்பு டேப்பில் பூ வேலை. பக்கவாட்டில், வெளிச்சம் பட்டால் மின்னுகிற பச்சை ரேடியம் டேப்பில் அம்மாவின் பேர்: சம்பூர்ணம்.

பேர்தான் அம்மாவுடையது. அவள் கால் அதில் படக் கூடாது. "பொம்பள ஏறுனா வல காலியா வரும்"னு சொல்லுவாய். இடுப்பளவுத் தண்ணீரில் நாளெல்லாம் நின்று கையால் இறால் தடவலாம், முட்டி தேயலாம், படகு ஏறக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?

எனக்குப் பத்து வயசிருக்கும். டச்சுக்காரன் கல்லறையைப் பார்க்க வந்த ஒரு கூட்டம் அப்படியே ஏரிக்கரைக்கும் வந்தது. உன் படகைப் பார்த்ததும் ஆளாளுக்கு ஃபோட்டோ. நீ பல்லெல்லாம் தெரிய, "எல்லாம் நானே ஒட்னதுங்க"னு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாய். பத்தடி தள்ளி அந்தப் புடவை மறைப்புக்குள் அம்மா இருந்தாள். சேறு கழுவ உட்கார்ந்தவள், தலையில் ஒரு சொம்பு ஊற்றியதோடு சரி. எழுந்தால் தலை வெளியே தெரியும். ஈரப் புடவையோடு குந்தியபடியே இருந்தாள்.

"எப்பமா போவாங்க?" என்று கேட்டேன்.

"ஒங்க நைனா பேசி முடிக்கட்டும்" என்றாள். பல் கிடுகிடுவென்று அடித்தது.

நீ எப்போது பேசி முடித்தாய்? பெரியவளானதும் நானே கேட்டேன், ஒரு பாத்ரூம் கட்டேன் நைனா என்று. "எதிர்ல இம்மாம் பெரிய ஏரி கீது, ரூமு எதுக்கு?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது சேதி கேள். போன மழையில் அம்மா அந்த மறைப்பிலேயே வழுக்கி விழுந்தாள். முட்டி வீங்கிவிட்டது. இனிமேல் கீழே குந்தக் கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடக்கவே முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் தம்பியும் உன் படகை விற்றுவிட்டோம். ஆமாம், விற்றேதான் விட்டோம். கொல்லையில் ஹாலோபிளாக் வைத்து ஒரு பாத்ரூம். உட்கார ஸ்டூல், பிடித்துக்கொள்ள ஒரு பைப். டைல்ஸ் போட வழியில்லை.

அம்மா அதற்குள் எட்டியே பார்க்கவில்லை. "சிமிட்டி ரூமு, ஜெயிலு மாதிரி கீது. ஒங்க நைனா இருந்தா இத்தக் கட்ட உட்டுருக்குமா?" என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே பழைய மறைப்புக்குப் போவாள். நீ செத்த பிறகும் உன் பேச்சுதான் நடக்கிறது. அவள் திரும்பி வருகிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இருக்காது.

கொஞ்சம் அழகாக இருந்தால் போவாளோ என்று பொன்னேரியில் டைல்ஸ் டிசைன் போட்ட டேப் வாங்கி வந்து ஒட்டினேன். மூன்றாம் நாள் எல்லாம் அப்பளமாகச் சுருண்டு தரையில் கிடந்தது. நம்ம ஊர் போர் தண்ணீரில் பூசின சுவர் உப்புப் பூக்கும் என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை? உனக்கு உறைத்திருக்கும். அது இன்னும் எரிச்சல்.

உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஏழெட்டு டேப் ரோல், பாதி டப்பா நீலப் பெயின்ட், உன் வலை பின்னுகிற ஊசி. அத்தனையும் படகுக்காக வாங்கினது. திட்டிக்கொண்டே எடுத்தேன்.

நீ எப்படி ஒட்டுவாய் என்று எனக்குத் தெரியும். கிட்டே வந்தால் "தொடாதடி"ன்னு விரட்டுவாய், தள்ளி நின்றே பார்த்ததுதான். உப்பைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் மூன்று தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டு நீலம் அடித்தேன். டேப்பின் மூலையைக் கூராக விடாமல் வட்டமாக வெட்டினேன். வலை ஊசியின் தட்டையான பக்கத்தால் குமிழி இல்லாமல் இழுத்துத் தேய்த்தேன். மஞ்சள் கட்டம், சிவப்பு ஓரம், ஜன்னலைச் சுற்றி உன்னுடைய அதே பூ. ஒரு மூலைகூட எழும்பவில்லை. என் கை அப்படியே உன் கை மாதிரி வேலை செய்தது, பாவி மனுஷா. உட்கார்ந்து அழுதேன். அதுவும் கோபத்தில்தான்.

பச்சை ரேடியம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கதவில் ஒட்டுவதற்கு அம்மாவின் பேரை வெட்டினேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஐய, இன்னாக்கா இது! பாத்ரூமுக்கு எவனாவது பேரு வெப்பானா?"

"பேரு வெச்ச படகுல அம்மாவ ஒரு நாளு ஏத்துச்சா நைனா? போடா அந்தாண்ட" என்றேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஆறு எழுத்து மட்டும் தெரியும். காற்று அடிக்கிற நாளில் படகுகள் திரும்பும்போது கரையில் நின்று, அதில் இருக்கிற மூன்று சுழி 'ண'வைத் தேடுவாள். அது கண்ணில் பட்டால் நீ உயிரோடு வருகிறாய் என்று அர்த்தம். படகை வாங்கினவர் அந்தப் பேரைச் சுரண்டிவிட்டு வேறு பேர் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு அவள் கரைப்பக்கம் போவதே இல்லை, தெரியுமா?

மறுநாள் காலையில் சொம்பும் கையுமாக மறைப்புக்குக் கிளம்பியவள், கதவைப் பார்த்து நின்றுவிட்டாள். மூன்று சுழியின் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"நைனா படகு எழுத்துதான இது?"

"இல்லம்மா. இது ஒன் பேரு."

செருப்பைக் கழற்றினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். படகு ஏறுவதற்கு முன் நீ செய்வாயே, அதே மாதிரி. வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நடுவில் சத்தம் நின்றது.

"கஸ்தூரி, வெளிய ஆளுங்க யாருனா கீறாங்களா?"

"ஒருத்தரும் இல்லம்மா."

"இருந்தா இருக்கட்டும்" என்றாள். மறுபடியும் தண்ணீர் விழுந்தது.

நைனா, மறைப்புக் கம்புகளைப் பிடுங்கி விறகாக்கி அம்மாவுக்கு வெந்நீர் வைத்துவிட்டேன். ஃப்ளெக்ஸில் பாசமிகு கணவர் வேண்டாம், படகுக்காரர் என்று போட்டால் போதும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்: நீ படகுக்குச் செய்ததை வருஷா வருஷம் இந்தச் சுவருக்கு நான் செய்வேன். அம்மா இருக்கிற வரைக்கும் அவள் பேரில் ஒரு மூலைகூட எழும்ப விடமாட்டேன். கோபத்தை மட்டும் இப்போதைக்கு விடுவதாக இல்லை.

உன் படகைத் தொட நீ விடாத,
உன் கையையே கொண்டு பிறந்த மூத்த மகள்,
கஸ்தூரி