விக்டோரியாவுக்கு வந்த நோய்

1975 ஜூன் 8
புன்னைக்காயல் போய் வந்தேன். தம்பி கிளாட்வினுக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவன் மனைவி விக்டோரியா தூங்குவதேயில்லை. தொட்டிலில் கிடப்பது தன் பிள்ளை இல்லையாம், யாரோ மாற்றிவிட்டார்களாம். சுவருக்குள் ஆட்கள் பேசுகிறார்களாம்.

மெட்டில்டா சித்தி சொன்னாள்: "பேய்தான். பச்ச உடம்போட வாசல்ல நின்னால்லா." அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது.

ஜூன் 11
ஜெபக்காரர் ஜேசுபாதம் வந்து விக்டோரியாவைத் தூணில் கட்டிவைத்துப் பிரம்பால் அடித்தாராம். அடித்த களைப்புத் தீர அவருக்குச் சீலா மீன் குழம்பு. கிளாட்வின் முற்றத்தில் நின்று பார்த்தானாம். புயலுக்குள் தோணி விட்டவன் என்று ஊரே மெச்சுகிறது. ஒரு கிழவன் கையைப் பிடிக்க மட்டும் தெம்பில்லை. தூ.

ஜூன் 12
ஆபீசுக்கு லீவு. கார் பிடித்துப் போய், தாயையும் பிள்ளையையும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சித்தி காரை மறித்தாள். "வெளிய தெரிஞ்சா அசிங்கம்ளா." தூணில் கட்டியபோது தெரு முழுக்கப் பார்த்ததே, அது அசிங்கமில்லையா?

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இல்லாத குரல் கேட்பதும், நடக்காததை நடந்ததாக நம்புவதும் பல நோய்களில் வருமாம். குடியால் வருவது உண்டு. வாலிபத்தில் மெல்லத் தொடங்கி வருடக்கணக்கில் நிற்பது உண்டு. கொஞ்ச நாள் தலைகால் புரியாத உற்சாகம், கொஞ்ச நாள் சோர்வு என்று மாறி மாறி வருவதும் உண்டு. இது பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு வருவது. "ஆபத்தானது, பிள்ளையோட தனியா விடக்கூடாது. ஆனா சீக்கிரம் வைத்தியம் பாத்தா பெரும்பாலும் தேறிடுவாங்க." விக்டோரியாவைச் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளை என்னிடம்.

ஜூன் 14
கிளாட்வின் தூத்துக்குடிக்கு என் வீட்டுக்கு வந்தான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சிரித்தான். "பைத்தியத்துல என்னக்கா வகை? அது என்ன மீனா?"

வலையில் விழும் மீனுக்கெல்லாம் தனித்தனிப் பேர் வைத்திருக்கிறான். பெண்டாட்டிக்கு வந்தால் எல்லாம் ஒரே பேர்.

ஜூலை 2
இன்று ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "மைனி, பிள்ள பால் குடிக்கானா?" என்றாள் விக்டோரியா. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

ஜூலை 20
சித்தி தூதாக வந்தாள். பிள்ளை அவர்களுக்காம், விக்டோரியா அவள் அம்மா வீட்டுக்காம். "கெட்டுப்போன மூள திரும்புமா?" காப்பி கொடுக்காமல் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 29
விக்டோரியா என் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். மாத்திரை தொடர்கிறது. இனிப் பிள்ளையோடு தனியாக விடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். காலையில் கிளாட்வின் புதுச் சட்டை போட்டு வந்தான். ஜேசுபாதம் ஜெபத்தால் பேய் ஓடிவிட்டதென்று ஊரெல்லாம் சொல்லியாயிற்றாம். மாத்திரையை விட்டுவிட்டு வந்தால் நன்றிப் பூசை வைப்பானாம். எனக்கு வாய் துறுதுறுத்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு வந்தது நோய். அடிச்சது நீங்க கூட்டிட்டு வந்த ஆளு. இத அதே ஊர்ல, அதே சனத்துக்கிட்டச் சொல்லிட்டு வாங்க. பொறவு வாரேன்."

சத்தம் போடவில்லை அவள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். போய்விட்டான்.

பிள்ளை சிணுங்கினான். அவள் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.