சொர்க்கத்தில் மின்வெட்டு

பயண நாள் 212. காலை 07:10

அணு உலை சீர். காற்று சீர். இறந்தோர் இருநூறு பேரும் நலம்.

இதைக் கண்டெடுப்பவர் திகைக்க வேண்டாம். இந்தக் கப்பலின் சரக்கே அவர்கள்தான். சாகும் தறுவாயில் மனதைப் படியெடுத்து, அவரவர் நம்பிய மறுமையைக் கணினிக்குள் கட்டிக் குடியேற்றி, சனிக்கோளின் நிலவொன்றிலுள்ள காப்பகத்துக்குக் கொண்டுபோகிறோம். ‘போகிறோம்’ என்பது பந்தா. உயிரோடிருப்பது நான் ஒருவன்தான். கோமதிநாயகம், ஐம்பத்து நான்கு வயது, மறுமை நம்பிக்கைகளின் வரலாற்றில் முனைவர் பட்டம். அந்தப் படிப்புக்குப் பூமியில் எவனும் வேலை தரவில்லை.

வைகுண்டத்தில் மறுபடியும் இடத் தகராறு. பரலோகத்திலிருந்து, ஓய்வுபெற்ற நீதிபதி சவரிராயன், பாட்டுக்குழுவுக்குச் சுருதி சேரவில்லை என்று புகார். என் மனைவி ஆவுடை எந்த மறுமையையும் ஏற்கவில்லை. ஜன்னல் வைத்த அறையும் என் குறட்டை கேட்காத தூரமும் கேட்டாள். கொடுத்திருக்கிறேன். மாலையில் ஒலிபெருக்கியில் பேசுகிறாள், உயிரோடிருந்தபோது பேசியதைவிட அதிகமாக.

பயண நாள் 219. பகல் 13:40

விண்கல் மோதியது. உலை செத்துவிட்டது. இனி மின்கலம் மட்டும். மீட்புக் கப்பல் வர ஒரு மாதம் ஆகும். இருக்கிற மின்சாரம் ஒரு வாரம்கூடத் தாங்காது; சொர்க்கங்கள் அப்படித் தின்கின்றன.

படித்த படிப்பு முதன்முறையாக உதவியது. மனிதன் எடுத்த எடுப்பில் மறுமையை மாளிகையாகக் கட்டவில்லை. பழைய மறுமைகள் எளியவை, செலவும் குறைவு. ஆவுடையின் அறையை மட்டும் விட்டுவைத்து, எல்லோரையும் எகிப்தியரின் மறுமையான நாணல் வயலுக்கு இறக்கினேன். ஆறு, வானம், விளைச்சல். வைகுண்டத்துக்காரர்கள் அறுவடைக்கு இறங்க மறுக்கிறார்கள். எகிப்தியர் தமக்குப் பதில் வேலை செய்யப் பொம்மைகளைக் கூடவே புதைத்துக்கொண்டார்கள். பொம்மைக்கும் மின்சாரம் வேண்டுமே.

பயண நாள் 227. மாலை 17:05

மின்கலம் ஒழுகுகிறது. காலையில் கிரேக்கரின் மறுமைக்கு இறக்கினேன்: வயல் கிடையாது, நிழல்களாக அலையலாம். அதுவும் கட்டுப்படியாகவில்லை. பகலில் அதைவிட மலிவான மெசொப்பொத்தேமியரின் பாதாளம். இருட்டு வீடு. தாழிட்ட கதவு. சாப்பாடு தூசி. அரசனுக்கும் மாடு மேய்ப்பவனுக்கும் அதே தூசி. ஆவுடையின் ஜன்னலையும் எடுத்துவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு ஒரு காபி குடித்தேன்.

அப்போது இந்த ஒலிச்செய்தி.

“கோமதிநாயகம், கேக்குதாவே? நான் சவரிராயன். இங்க ஒண்ணுமே தெரியல. நாப்பது வருசம் தீர்ப்புச் சொன்னவன் நான். என் மேல என்ன குத்தம்னு மட்டும் சொல்லிரும்.”

பிறகு ஒவ்வொருவராக. எல்லோருக்கும் அதே கேள்வி.

அந்த இருட்டை முதலில் நம்பியவர்களுக்கு அது தண்டனையே இல்லை. நல்லவனுக்கும் அதுதான், கெட்டவனுக்கும் அதுதான். இருட்டுக்குள் குற்றத்தைக் கொண்டுபோய் வைத்தது பிற்காலம். என் ஆட்கள் பிற்காலத்தவர்கள். தங்களுக்கு நரகம் தீர்ப்பாகிவிட்டதென்று நம்பி, இருட்டில் உட்கார்ந்து பாவத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இது நரகம் இல்லை என்று ஒலிபெருக்கியில் விளக்கினேன். இருட்டிலிருந்து ஒரு குரல் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஓர் அம்மாள் என்னை எமன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டாள்.

பயண நாள் 231. காலை 09:20

கணினி கணக்கை முடித்துவிட்டது. மீட்புக் கப்பல் வரும்வரை ஒன்றுதான் ஓடும்: காற்று இயந்திரம், அல்லது இறந்தோர். ஆவுடையிடம் சொன்னேன்.

“நான் ஒருக்கா செத்தாச்சு. அதுல ஒண்ணுமில்ல. நீங்க ஊசிக்கே கண்ண மூடுத ஆளு. எங்கள அணைச்சிட்டு மூச்சு விடுங்க.”

உடனே ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். விசைவரை கை போனது.

அணைத்தால் மறுபடி எழுப்ப முடியாது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் கடைசியாகத் தெரிந்தது தண்டனையாக இருக்கும். ஒரே ஒரு நிமிடம் எல்லோருக்கும் வெளிச்சம் காட்டிவிட்டு அணைக்கலாமா என்று கணினியிடம் கெஞ்சினேன். ஏற்றுவதற்கே மின்கலம் தாங்காது என்றது. இன்னொரு முறை கேட்டேன். இன்னொரு முறையும்.

பயண நாள் 232. காலை 06:00

காற்று இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். அறையில் இருக்கிற காற்றும் ஒரு சிலிண்டரும். வீரம் ஒன்றும் இல்லை. இரண்டு முறை திரும்பப் போட்டேன். இரண்டு முறையும் சவரிராயன் கூப்பிட்டார்.

மீட்புக் கப்பல் கண்ணுக்குத் தெரிகிறது, விளக்கு மினுக்குகிறது, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று ஆவுடையிடம் அளந்துவிட்டேன்.

“பொய் சொல்லும்போதுதான் உங்களுக்குப் பேச்சு நீளும். ஏன் இப்பம் இவ்வளவு நீளமாப் பேசுதிய?”

அதன்பின் சுருக்கமாகப் பேசினேன். அதுவும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகிறாள்.

பயண நாள் 233. நேரம் தெரியவில்லை

சிலிண்டர் காலி. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது.

முப்பது வருட ஆராய்ச்சியில் கிடைத்தது இவ்வளவுதான். மெசொப்பொத்தேமியாவில் புதைகுழிக்குள் குழாய் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். நம்மூரில் எள்ளும் தண்ணீரும். செத்தவர் எந்த உலகத்துக்குப் போனாலும் இருப்பவன் தயவில்தான். இந்தக் கப்பலில் இருப்பவர் இனி இதைப் படிக்கிற நீங்கள்.

ஆவுடை கூப்பிடுகிறாள். பதில் சொல்ல மூச்சு

என் உடலை அப்புறம் பார்க்கலாம். இடது சுவரில் பச்சைப் பொத்தான். அழுத்திப் பேசுங்கள். மெதுவாக. யார் மேலும் குற்றமில்லை, கரண்டுதான் போயிற்று என்று சொல்லுங்கள். நம்பும்வரை சொல்லுங்கள். முதலில் நீதிபதிக்கு. அவர் இன்னும்