பெருமாள் அண்ணன் சொன்ன 'சரிங்க'

அன்புள்ள ஸ்டெல்லா அக்கா,

ஜெலாப்பாங் மண்டபத்து மனநல ஆலோசனை அறையை நீங்கள் பொறுப்பை விட்டுப் போன பிறகும் சனிக்கிழமைதோறும் திறக்கிறேன். நல்ல செய்தி சொல்லத்தான் ஆசை. ஆனால் இல்லை.

பெருமாள் அண்ணன் என்று ஒருவர் வந்தார். ரப்பர்த் தோட்டத்தை விற்றபோது, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டை இழந்தவர். இப்போது மலிவுவிலை அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியிருந்து, காவல் வேலை பார்க்கிறார். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. உட்காரச் சொன்னால் "பரவால்ல சார்" என்று நின்றார். மூச்சுப் பயிற்சி சொன்னேன். "சரிங்க சார்." பழசை மறக்கச் சொன்னேன். "சரிங்க சார்." மூன்றாவது வாரம் கோப்பில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன்.

நான்காவது வாரம் அவர் வரவில்லை. உயிரை விடப் பார்த்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அவர் மனைவி என்மேல் கோபப்படக்கூட இல்லை. "மேசைக்கு அந்தப் பக்கம் நோட்ட விரிச்சு வெச்சுக்கிட்டுக் கேட்டா, அவரு வேற என்ன சார் சொல்லுவாரு? பெரட்டுல பேரு எழுதுற கிராணி கேட்டாலும் இதே சரிங்கதான் லா" என்றார்.

நீங்கள் இருந்தவரை அந்த அறையில் மேசை கிடையாது. கொண்டுவந்து போட்டது நான். வாத்தியாரின் வகுப்பறைப் பழக்கம். தோட்டத்தில் விடியுமுன் ஆள் கூப்பிடும் பெரட்டில் என் அப்பாவும் அப்படித்தான் நின்றார். எனக்கு எப்படி மறந்துபோனது?

"வெள்ளைக்காரன் மனோதத்துவக் கோட்பாடு நம்ம ஆளுக்கு எதுக்குக்கா?" என்று உங்களிடம் வாதாடியிருக்கிறேன்.

"வியன்னாவுல ஒரு டாக்டரு சொன்னா எல்லாம் தொரை பேச்சாயிருமா தம்பி? தாழ்வு மனப்பான்மை பொறவியில வாறது இல்லேங்கிறாங்க. யாரு அவனைத் தாழ்த்தி வெச்சதுன்னு பாக்கச் சொல்றாங்க. மலாய்க்காரரோ சீனரோ நம்மாளோ, மனுசன் நாலு பேருல ஒருத்தனா இருக்கணும். இதுல உனக்கு எது ஒத்துவரல?" என்றீர்கள்.

கடைசி வரிசைப் பிள்ளை எழுதவில்லை என்றால், பலகையில் வெயில் அடிக்கிறதா என்று முதலில் பார்க்கிறவன்தான் நான். பெருமாள் அண்ணன் விஷயத்தில் மட்டும் பிள்ளையைத் திருத்தப் போனேன்.

நேற்று அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, அந்தக் கோட்பாட்டின் பழைய கேள்வியைக் கேட்டேன். "அண்ணே, இந்த வேதனை நாளைக்கு இல்லேன்னா என்ன செய்வீங்க?"

அவர் சொன்னார்: "நில ஆபீசுக்குப் போவேன். எல்லாருக்கும் வீடு தாறோம்னு சொல்லித்தான் லயத்தை இடிச்சானுங்க, ஒண்ணும் தரல. இருபத்திரண்டு குடும்பம். நான்தான் அவங்ககிட்ட பேசிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். யாரு மூஞ்சியிலயும் முழிக்க முடியல சார்."

இதைத்தான் மறக்கச் சொல்லியிருக்கிறேன் அக்கா.

ஆபத்து நீங்கிவிட்டதாக டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அவர் எழுந்தால் அவரோடு, எழாவிட்டால் அவர் மனைவியோடு, அந்த இருபத்திரண்டு குடும்பங்களையும் தேடிப்போவேன். வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நில அலுவலகத்தில் போய் நிற்பேன். யார் கதவைத் திறப்பார்கள், யார் முகத்தில் அறைந்து சாத்துவார்கள், தெரியாது. தட்டாமல் விடமாட்டேன்.

உங்கள் உடன்பிறவாத் தம்பி,
சேகரன்